இரண்டாவது ஆல்பத்தில் சவுண்டை மாற்றுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி ராக் பேண்டுகளுக்கு ஒரு கையேடு

புது ஆல்பத்தில் சவுண்டை மாற்றப் போகிறோம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலான பேண்டுகள் செய்கிற முதல் காரியம், பெங்களூருக்கு பஸ் ஏறி கிட்டார் சத்தத்தை மாற்றும் இரண்டு பெடல் வாங்கி வருவதுதான். ஓசூர்க்காரர்களுக்கு 40 கிலோமீட்டர்தானே, கேட்கவே வேண்டாம். பெடல் வந்து, பாட்டு ரெக்கார்டாகி, போட்டுக் கேட்டால் பழைய பேண்டே புதுச் சட்டையில் நிற்கும்.

கேட்பவர் காதில் ஒரு பேண்டு பதிவது வேறு விஷயங்களால். பாட்டின் வேகம், டிரம்ஸும் பேஸும் சேர்ந்து போகும் நடை, சுருதி, குரல் எவ்வளவு மேலே நின்று பாடுகிறது, எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில் எவ்வளவு நேரம் முழங்குகிறது. கிட்டார் டோன் இந்த வரிசையில் கடைசியில் வரும். மாற்றத்தையும் இதே வரிசையில் முதலிலிருந்து செய்துகொண்டு வந்தால்தான் அது ஆல்பம் முழுக்க நிற்கும்.

பெரிய உதாரணம் வேண்டுமென்றால் மெட்டாலிகாவின் 1988 ஆல்பத்தையும் 1991 ஆல்பத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். முந்தியதில் பாட்டுகள் நீளம், அமைப்பு வளைந்து வளைந்து போகும், பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் காதிலேயே விழாது. பிந்தியதில் பாப் ராக் தயாரிப்பாளராக வந்தார். பாட்டு சுருங்கியது, வேகம் இறங்கியது, பேஸ் முன்னால் வந்தது. வாசித்தவர்களும் பாடியவரும் அதே ஆட்கள். 1997-இல் கிட்டார் பேண்டாக உச்சத்தில் இருந்த ரேடியோஹெட், 2000 ஆல்பத்தில் கிட்டாரைப் பெருமளவு ஓரங்கட்டிவிட்டு சின்தசைசருக்கும் டிரம் மெஷினுக்கும் போனது. இரண்டு இடத்திலும் மாற்றம் முதலில் காதில் விழுவது எதைக் குறைத்தார்களோ அங்கேதான்.

முதலில் பழைய ஆல்பத்தை அளந்து பாருங்கள்

ஒரு ஏ4 தாள் எடுத்து, முதல் ஆல்பத்தின் ஒவ்வொரு பாட்டுக்கும் ஐந்து கட்டம் போடுங்கள்: டெம்போ (நிமிடத்துக்கு எத்தனை அடி), சுருதி, மொத்த நேரம், குரல் நுழையும் வினாடி, எல்லா வாத்தியமும் ஒன்றாக ஒலிக்கும் மொத்த நேரம். ஒரு சாயங்காலம் போதும். பெரும்பாலான முதல் ஆல்பங்களில் இப்படித்தான் இருக்கும்: முக்கால்வாசிப் பாட்டுகள் 140-க்கும் 160-க்கும் நடுவே, எல்லாம் இ சுருதியில், டிஸ்டார்ஷன் கிட்டார் முதல் வினாடியிலிருந்து கடைசி வரை ஓயாமல். இதைத் தாளில் பார்க்கும்வரை யாரும் நம்ப மாட்டார்கள். ஒவ்வொரு பாட்டும் வேறு மாதிரி என்றுதான் பேண்டுக்குள் எல்லோருக்கும் எண்ணம்.

அந்த ஐந்து கட்டத்தில் மூன்றை மட்டும் மாற்றுவதென்று முடிவெடுங்கள். ஐந்தையும் மாற்றினால் அது வேறு பேண்டு; ஒன்றை மட்டும் மாற்றினால் யாருக்கும் தெரியாது. எதைத் தொடக்கூடாது என்பதையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். பாடுகிறவரின் உச்சரிப்பும் வரி எழுதும் விதமும்தான் பெரும்பாலும் தொடக்கூடாத பகுதி. தருமபுரிப் பேச்சில் பாடி ஆள் சேர்த்த பேண்டு, சவுண்டை மாற்றுகிறோம் என்று குரலையும் ஆங்கில வாடைக்குக் கொண்டுபோனால் பழைய ஆட்களும் போவார்கள், புது ஆட்களும் வர மாட்டார்கள்.

நடை

புதுப் பாட்டு எழுதுவதற்கு முன், பழைய பாட்டு ஒன்றை முக்கால் வேகத்தில் வாசித்துப் பாருங்கள். 152 இருந்தால் 114. முதல் பத்து நிமிடம் இழுவையாக இருக்கும். வேகத்தில் மறைந்திருந்த ஓட்டைகள் எல்லாம் இப்போது வெளியே வரும்: டிரம்மரின் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பேஸோடு சேராமல் முன்பின்னாக விழுவது, ரிஃபின் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியின்) கடைசிச் சுரத்தை கிட்டாரிஸ்ட் முழுங்குவது, பாடுகிறவர் மூச்சு எடுக்க இடமில்லாமல் வரியை அமுக்கியிருப்பது. இவற்றைச் சரி செய்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்து, இந்தப் பக்கத்துத் தாளத்தை உள்ளே கொண்டுவருவது. பறையும் பம்பையும் கூத்து மிருதங்கமும் இங்கே காசு கொடுத்துத் தேடவேண்டிய சரக்கு இல்லை. பென்னாகரம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் எந்த ஊர்ப் பண்டிகைக்குப் போனாலும் கேட்கலாம். ஆனால் வழக்கமாக நடப்பது என்னவென்றால், முழு ராக் பாட்டையும் ரெக்கார்ட் செய்து முடித்துவிட்டு, கடைசியில் அதன்மேல் பறையை ஒட்டுகிறார்கள். அது அலங்காரமாக நின்றுவிடும். வாசிக்க வந்த கலைஞருக்கும் நுழைய இடமிருக்காது.

சரியான வழி, பறையின் அடியை முதலில் டிரம் கிட்டுக்குள் கொண்டுபோவது. பறைக்கு இரண்டு குச்சி. வலக்கையில் இருக்கும் குட்டையான அடிகுச்சி கனமான அடியைத் தரும், இடக்கையின் நீளமான மெல்லிய சிண்டுகுச்சி சுளீரென்ற சத்தத்தைத் தரும். டிரம்மர் அடிகுச்சியின் அடிகளை கிக்குக்கும் ஃப்ளோர் டாமுக்கும் மாற்றட்டும். சிண்டுகுச்சியின் அடிகளை ஸ்னேரின் விளிம்புக்கு மாற்றட்டும். ஹை-ஹாட்டைத் தொடவே கூடாது. சிண்டுகுச்சியின் கூர்மையும் ஹை-ஹாட்டும் ஸ்னேரின் வெடிப்பும் ஏறத்தாழ ஒரே இடத்தில், சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் மோதுகின்றன. டிஸ்டார்ஷன் கிட்டாரின் இரைச்சலும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. நான்கும் சேர்ந்தால் மிக்ஸிங்கில் எந்த ஈக்யூவாலும் (சத்தத்தின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பிரிக்க முடியாது. பறை வரும் இடங்களில் சிம்பல், ஹை-ஹாட் இரண்டும் முழுக்க நிற்கட்டும். டிரம்மர்கள் இதற்குத்தான் ரொம்பச் சண்டை போடுவார்கள். ஒரு வாரம் ஹை-ஹாட்டைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டுப் பயிற்சி செய்வதே இதற்கு வழி.

கிட்டில் அந்த நடை வந்தபிறகு, நிஜப் பறையை அழைத்து, கிட்டின் அடிகளில் பாதியைக் குறைத்துவிடுங்கள்.

சுருதி: கட்டைக் கணக்கும் கம்பிக் கணக்கும்

கூத்துக் கலைஞர்களோடு வேலை செய்யும்போது பேச்சு கட்டையில் நடக்கும். 1 கட்டை என்றால் சி, 2 கட்டை டி, 3 கட்டை இ, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ; அரைக் கட்டைகள் நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகள். கிட்டாரைச் சாதாரணமாகச் சுருதி கட்டினால் கீழ்க்கம்பி, அதாவது தடித்த கம்பி, 3 கட்டையில் நிற்கிறது. முதல் ஆல்பத்தில் பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்தியது அதனால்தான் என்று பல பேண்டுகளுக்குத் தெரியாது. கிட்டாருக்கு வசதியான சுருதியில் பாட்டு எழுதப்பட்டிருக்கும். பாடுகிறவரை வாத்தியமே இல்லாமல் மெதுவாகப் பாடச் சொல்லி, அவர் இயல்பாக நிற்கும் சுருதியைக் குறியுங்கள். 2 கட்டையிலோ 1 கட்டையிலோ நின்றால் கிட்டாரை அங்கே இறக்குவதுதான் முறை.

இறக்கும்போது கம்பியை மாற்றியே ஆகவேண்டும். 25.5 இன்ச் ஸ்கேல் கிட்டாரில் சாதாரண டியூனிங்குக்கு 10–46 செட் (மெல்லிய, தடித்த கம்பிகளின் கனம், இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போதும். எல்லாக் கம்பியையும் ஒரு முழுச்சுரம் இறக்கி டி-க்குப் போனால் 11–49 அல்லது 11–52. அதிலிருந்து கீழ்க்கம்பியை மட்டும் இன்னும் இறக்கி டிராப் சி-க்குப் போனால் 12–54. பழைய 10–46 செட்டையே டிராப் சி-க்கு இறக்கினால் கீழ்க்கம்பி தொளதொளத்து ஃப்ரெட்டில் உரசும். அதைவிட மோசம், பலமாக அடித்த கணத்தில் சுருதி ஏறி, பிறகு இறங்கி உட்காரும். இரண்டு கிட்டார் டிராக்கை இடமும் வலமும் வைக்கும்போது இரண்டும் வேறு வேறு அளவில் ஏறி இறங்குவதால் ரிஃப் முழுக்கக் கலங்கலாகக் கேட்கும். ஆம்ப் சரியில்லை என்று நினைத்து ஆம்பை மாற்றுவார்கள். கோளாறு கம்பியில் இருக்கும்.

புதுக் கம்பி போட்டபின் நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி தங்கும் பள்ளங்கள் உள்ள துண்டு) கம்பி சிக்குகிறதா பாருங்கள். டியூன் செய்யும்போது ‘டிக்’ என்று சத்தம் வந்து சுருதி தாவினால் சிக்குகிறது என்று பொருள். பள்ளத்தை நுண்ணிய அரத்தால் ஒரு முடி அகலம் விரித்து, பென்சில் கரியைத் தடவினால் சரியாகும். பின்பு இன்டொனேஷன், அதாவது கழுத்து நெடுகச் சுருதி சரியாக நிற்கிறதா என்பது: 12-ஆவது ஃப்ரெட்டின் மேல் ஹார்மானிக்கையும் அதே ஃப்ரெட்டை அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் பிரிட்ஜ் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், குறைவாக இருந்தால் முன்னுக்கு. கழுத்து வளைந்திருந்தால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி) கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பாதீர்கள். மிதக்கும் டிரெமலோ பிரிட்ஜ் உள்ள கிட்டாரை டிராப் சி-க்குக் கொண்டுபோவது தலைவலி. முடிந்தால் அசையாத பிரிட்ஜ் கிட்டாரை இதற்கென்று ஒதுக்குங்கள்.

பேஸுக்கு வேறு கணக்கு. 4 கம்பி பேஸில் 45–105 செட் டி வரை தாங்கும். சி-க்குப் போவதென்றால் 5 கம்பி செட் வாங்கி, அதன் தடித்த நான்கு கம்பியை மட்டும் போட்டு, அடிக்கம்பியை பி-யிலிருந்து அரைச்சுரம் ஏற்றிக் கட்டுங்கள். நட்டின் பள்ளத்தை விரிக்க வேண்டியிருக்கும். அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், ஆழமாக அறுத்துவிட்டால் நட்டையே மாற்றவேண்டும்.

இனி ஆர்மோனியம். இந்த ஒன்றைத் தவறவிட்டுத்தான் ஒரு நாள் ரெக்கார்டிங்கே வீணாகும். கூத்து ஆர்மோனியத்தின் ரீடுகள் வருடக்கணக்கில் காற்றிலும் தூசியிலும் இருந்தவை. அதன் ஏ சுரம் வழக்கமான 440 ஹெர்ட்ஸில் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒத்திகைக்கு முன்பே 6 கட்டையை அழுத்தி டியூனரில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 446 என்று காட்டினால் வித்தியாசம் சுமார் 23 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு). கிட்டாரோடு சேர்ந்தால் நன்றாகவே உறுத்தும். ரீடைச் சுரண்டி மாற்றுவது நாள் கணக்கு வேலை. அதனால் உங்கள் டியூனர்கள் எல்லாவற்றையும் 446-க்கு மாற்றி கிட்டாரையும் பேஸையும் அங்கே கட்டுங்கள். கீபோர்டில் மாஸ்டர் டியூனை 23 சென்ட் ஏற்றுங்கள். அந்தப் பாட்டின் பெயரோடு இந்த எண்ணையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு சின்ன கிட்டார் வரியைத் திரும்ப எடுக்க வேண்டிவரும். எண் இல்லையென்றால் பிடித்து இழுத்துச் சேர்க்க வேண்டியதுதான்.

கூத்தில் ஊதும் முகவீணைக்கும் நாயனத்துக்கும் பத்து நிமிடம் ஊதிச் சூடானபிறகே சுருதி பாருங்கள்; குழாய்க்குள் காற்று சூடாகச் சூடாகச் சுருதி ஏறும். சீவாளியை வைத்து கலைஞர் கொஞ்சம் சரிக்கட்டுவார், எல்லையில்லாமல் அல்ல. கமகத்தை ஆட்டோ-டியூனில் போட்டுத் தட்டையாக்காதீர்கள். முகவீணை ஒலிக்கும் இடங்களில் கிட்டார் முழு கார்டு வாசிப்பதும் வேண்டாம். கார்டின் மூன்றாவது சுரம் ஒரே இடத்தில் குத்தி நிற்கும், ஊதுகிறவரின் காந்தாரம் அசையும், இரண்டும் உரசும். சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் போதும்; ஆதார சுருதி மாதிரி பிடித்து நின்றால் முகவீணை தானாக முன்னால் வரும்.

கிட்டார்

ஆம்பில் கரகரப்பைக் கூட்டும் கெயினைப் பாதியாகக் குறையுங்கள். ஒரே கிட்டாரை நான்கு முறை அடுக்கிக் கனம் சேர்க்கும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று, இரண்டும் வெவ்வேறு வேலை. ஒருவர் ரிஃப் வாசித்தால் மற்றவர் வரிக்கு ஒருமுறை மட்டும் அடிக்கட்டும். ஆம்ப் எதிரே எஸ்எம்57 மைக்கை, ஸ்பீக்கரின் நடு மூடிக்கும் கூம்புக்கும் சேரும் விளிம்பில் இரண்டு இன்ச் தள்ளி வையுங்கள். நடுவுக்கு நகர்த்தினால் கூர்மை, வெளியே நகர்த்தினால் மந்தம். ஈக்யூவைத் தொடுவதற்கு முன் இந்த நகர்த்தலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்தபிறகு பெடல் தேவைப்பட்டால் வாங்குங்கள்.

10க்கு 10 அறையின் கணக்கு

நம் ஊரில் பயிற்சி அறை என்றால் பெரும்பாலும் மாடியில் 10க்கு 10 அறை, 10 அடி உயரத்தில் கான்கிரீட் தளம், தரையில் டைல்ஸ் அல்லது கிரானைட். கிருஷ்ணகிரியில் கிரானைட் மலிவாகக் கிடைக்கிறது என்று சுவரிலும் பாதி உயரம் பதித்திருப்பார்கள். ரெக்கார்டிங்குக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது. 10 அடி என்பது 3.05 மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு சுமார் 343 மீட்டர். இரண்டு எதிரெதிர்ச் சுவருக்கு நடுவே அடைபடும் முதல் அலை 343-ஐ 6.1-ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 56 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றே என்பதால் மூன்று திசையிலும் அதே 56. பேஸின் ஏ கம்பியைத் திறந்து அடித்தால் 55 ஹெர்ட்ஸ். அதனால்தான் அந்த ஒரு சுரம் மட்டும் அறையே குலுங்க முழங்குகிறது. பேஸ் வாசிப்பவர் அதைச் சமாளிக்கத் தன்னையறியாமல் ஏ-யை மெதுவாக அடித்துப் பழகிவிடுவார். வேறு இடத்தில் ரெக்கார்ட் செய்யும்போது அதே சுரம் காணாமல் போகும்.

முட்டை அட்டை இதற்கு உதவாது. உச்சச் சுருதிச் சத்தத்தை லேசாக மழுக்கும், 56 ஹெர்ட்ஸுக்கு அது இருப்பதே தெரியாது. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக் வூல், 4க்கு 2 அடி மரச்சட்டத்தில் 4 இன்ச் கனத்துக்கு அடைத்து, மேலே பருத்தித் துணி போர்த்தி, நான்கு மூலையிலும் தரையிலிருந்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்து நிறுத்துங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி இருக்கவேண்டும். மூலைக்கு இரண்டு பலகை என்று எட்டுப் பலகை முதலில் செய்யுங்கள். கையுறை, முகக்கவசம் இல்லாமல் ராக் வூலைத் தொடாதீர்கள், அரிப்பு இரண்டு நாள் போகாது. அவ்வளவு செலவு முடியாதென்றால் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை மூலையில் நிறுத்துங்கள்; ராக் வூல் அளவுக்கு இல்லை, ஆனாலும் கிட்டார், குரல் எடுக்க வித்தியாசம் தெரியும். தரையில் ஜமக்காளம். டிரம்ஸை மட்டும் இந்த அறையில் எடுக்க வேண்டாம். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடமோ, பள்ளி ஹாலோ வேலை நாளில் பேசிப் பிடித்தால் இதைவிட நல்ல சவுண்டு வரும்.

டிரம்ஸுக்கு நான்கு மைக் போதும்: கிக், ஸ்னேர், மேலே இரண்டு. மேல் மைக் இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். ஒரு நூலை ஸ்னேரின் நடுவில் பிடித்து முதல் மைக் வரை இழுத்து, அதே நூலால் இரண்டாவதை அளந்து வையுங்கள். தூரம் மாறினால் ஸ்னேர் இரண்டு மைக்குக்கும் வேறு நேரத்தில் போய்ச் சேர்ந்து, சேர்த்துக் கேட்கும்போது சதை இல்லாமல் ஒலிக்கும். 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ். மீட்டரில் உச்சம் மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டாதபடி கெயின் வையுங்கள், ஆள் சூடேறினால் தானாக நான்கைந்து டெசிபெல் ஏறும்.

கரண்ட் விஷயம் ஒன்று. கிட்டார் வயரில் 50 ஹெர்ட்ஸ் ஊம் என்ற இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பாதி நேரம் அதுதான். எல்லா ஆம்ப்பையும் ஒரே பிளக் போர்டில் சொருகுங்கள். பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் ரெக்கார்ட் செய்யாதீர்கள். சைன் வேவ் வேண்டும். இரைச்சல் போகிறது என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது மட்டும் கூடவே கூடாது. ஆம்ப் பழுதானால் கிட்டார் கம்பி வழியாகவே ஷாக் அடிக்கும், மைக்கில் உதடு பட்டால் உயிருக்கே ஆபத்து. எர்த் குழியை எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

பறை, பம்பை ரெக்கார்டிங்

தோல் பறையை வைக்கோல் தீயில் காய்ச்சித்தான் சுருதி ஏற்றுவார்கள். காய்ச்சியதும் உச்சத்தில் இருக்கும், ஆற ஆற இறங்கும். பனி பெய்யும் தை மாதக் காலையில் சீக்கிரமே தொய்ந்துவிடும். காய்ச்சியதும் ஒரு டேக், மறுபடி காய்ச்சல், அடுத்த டேக் என்று திட்டமிடுங்கள். ஒரே காய்ச்சலில் நான்கு டேக் எடுத்துவிட்டு முதல் டேக்கின் பாதியையும் நான்காவதின் பாதியையும் ஒட்டினால் ஒட்டிய இடம் அப்பட்டமாகத் தெரியும். ஃபைபர் தோல் பறைக்கு இந்தத் தொல்லை இல்லை. சத்தம் கொஞ்சம் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் மாலைவரை ஒரே மாதிரி நிற்கும். ஆல்பத்தில் பறை ஒரு பாட்டில்தான் என்றால் தோல், ஆறு பாட்டில் என்றால் ஃபைபர் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

மைக்கை மிக அருகில் வைக்காதீர்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு கண்டென்சர், மைக்கில் பேட் வசதி (பலத்த சத்தத்தைக் குறைத்து வாங்கும் பொத்தான்) இருந்தால் போட்டுவிடுங்கள். பம்பைக்கு மரம் ஒன்று, வெண்கலம் ஒன்று என்பதால் ஒரே மைக்கில் வெண்கலம்தான் ஓங்கும். மரப் பம்பைப் பக்கம் தனியாக ஒரு டைனமிக் மைக் வையுங்கள். திறந்த வெளியில் எடுப்பது நல்ல யோசனை, சுவரே இல்லை. விடியற்காலை ஆறு மணியிலிருந்து எட்டுக்குள், 44-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிய இடமாகப் பாருங்கள். லாரிச் சத்தம் காதுக்குப் பழகியிருக்கும், மைக்குக்குப் பழகாது. இரவில் சில்வண்டு விடாது. காற்றுக்கு மைக்கில் ஃபோம் உறை கட்டாயம்.

கிளிக் டிராக்கை (சீரான வேகத்தில் தட்டும் சத்தம்) ஹெட்ஃபோனில் போட்டு பறைக் கலைஞர்களை வாசிக்கச் சொல்லாதீர்கள். அவர்கள் வேகம் ஏறுவதும் அடங்குவதும் கணக்கோடு நடப்பது. அதைக் கட்டிப்போட்டால் எதற்காக அழைத்தோமோ அதுவே போய்விடும். தலைகீழாகச் செய்யுங்கள். பறையை முதலில் எடுத்து, ரீப்பரிலோ நீங்கள் வைத்திருக்கும் வேறு மென்பொருளிலோ ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் முதல் அடிக்கும் குறி போட்டு டெம்போ மேப் செய்யுங்கள். கிளிக் இப்போது பறையைத் தொடரும். அதைக் கேட்டு டிரம்மர் வாசிக்கட்டும்.

தேதிக்கு முன்கூட்டிப் பேசுங்கள். மாசி, பங்குனி தொடங்கி வைகாசி வரை பாரதக் கூத்தும், ஆடியில் மாரியம்மன் பண்டிகையும் என்று கலைஞர்கள் பெரும்பாலும் ஓய்வில்லாமல் இருப்பார்கள். இரவெல்லாம் ஆடியவரைப் பகலில் மைக் முன் நிறுத்துவது நியாயமும் இல்லை. முழுநாள் சம்பளம், போக்குவரத்து, சாப்பாடு, முன்பணம் பேசி ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் வாசிப்பவருக்கும் உரிமை உண்டு. 2012 திருத்தம் அதைக் கூடுதலாகப் பலப்படுத்தியிருக்கிறது. பாட்டையே நடத்திச் செல்லும் அடியை அவரே உருவாக்கியிருந்தால் இசையமைப்பில் அவர் பெயரையும் சேர்த்துப் பதியுங்கள். ‘நாட்டுப்புறக் கலைஞர்கள்’ என்று மொத்தமாக ஒரு வரி போடுவது கேவலம், பேர் போடுங்கள்.

மிக்ஸிங்கும் கூம்பு ஸ்பீக்கரும்

டிராப் சி-யில் பேஸின் அடிச்சுரம் 32.7 ஹெர்ட்ஸ். எந்த செல்போன் ஸ்பீக்கரும் அதைத் தொடாது. பேஸை இரண்டு டிராக்காக்குங்கள்: ஒன்றில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும், சுத்தமாக, இன்னொன்றில் 400-க்கு மேலே மட்டும், லேசான டிஸ்டார்ஷனோடு. இரண்டாவதுதான் போனில் பேஸ் இருப்பதைக் காட்டும். கிட்டாரில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். பறை நுழையும் இடங்களில் கிட்டாரின் 3 கிலோ ஹெர்ட்ஸ் பகுதியை மூன்று டெசிபெல் இறக்கினால் போதும், அதற்கு மேல் தேவைப்பட்டால் ஏற்பாட்டில் தவறு, திரும்ப நடைக்குப் போங்கள்.

நல்ல ஸ்பீக்கரில் கேட்டு முடித்தபின் பாட்டைக் கோயில் கூம்பு ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் யாரையாவது தெரிந்தால் பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் டவுன் பஸ். அடியும் போகும், நுனியும் போகும், நடு மட்டும் மிஞ்சும். அதிலும் வரி புரிந்து, நடை புரிந்தால் மிக்ஸ் சரி. குரல் மட்டும் கேட்டு மற்றதெல்லாம் ஒரே இரைச்சலாக இருந்தால் கிட்டார்கள் இன்னும் அதிகம்.

மாஸ்டரை ரொம்ப அமுக்கி உரக்க ஆக்குவதில் பயனில்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ்-க்கு (சத்தம் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அளவு) இறக்கித்தான் ஒலிக்கவிடும். ட்ரூ பீக் (அலையின் நிஜ உச்சம்) மைனஸ் 1 டெசிபெலுக்குள் இருக்கட்டும்.

வெளியீடும் மேடையும்

முதலில் விடும் பாட்டு புதுசில் உச்சமானதாகவும் வேண்டாம், பழைய பாட்டின் தம்பியாகவும் வேண்டாம். பழைய குரல், புது நடை, பறை பாதியில் நுழைகிற மாதிரி ஒன்று இருந்தால் அது. ஸ்பாட்டிஃபை எடிட்டர்களுக்கு அனுப்புவதானால் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அனுப்பவேண்டும். 30 வினாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு என்பதால் நீள முன்னிசையை வெட்டு என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒரு பாட்டில் வேண்டுமானால் வெட்டுங்கள், ஆல்பம் முழுக்க அல்ல.

மேடையில் பழைய பாட்டைக் கேட்டே தீருவார்கள். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி மாதிரிப் பொது மேடை கிடைத்தால் சவுண்ட் செக்குக்கே நேரம் இருக்காது, நடுவில் கம்பி மாற்றவோ டியூனிங் ஏற்றவோ முடியாது. இரண்டாவது கிட்டார் கொண்டுபோக வசதியில்லையென்றால் டி-யில் கட்டிய கிட்டாரின் 2-ஆவது ஃப்ரெட்டில் காப்போ (எல்லாக் கம்பியையும் ஒன்றாக அழுத்தும் கிளிப்) போடுங்கள், பழைய இ டியூனிங் வந்துவிடும். தடித்த கம்பி என்பதால் காப்போ அழுத்தும்போது சுருதி சற்று ஏறும். போட்டபின் ஒருமுறை டியூனர் பார்த்துவிட்டே தொடங்குங்கள். டிராப் சி பாட்டுகளை இதோடு கலக்காமல் கடைசியில் ஒரே தொகுப்பாக வைத்துக்கொள்ளுங்கள், கீழ்க்கம்பியை ஒரே ஒருமுறை இறக்கினால் போதும். பேஸ் சி-யில் கட்டியே இருப்பதால் பழைய பாட்டுக்கு பேஸ் வாசிப்பவர் விரல் இடங்களை நான்கு ஃப்ரெட் தள்ளிப் பிடிக்கவேண்டும். அதை ஒத்திகையில் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள்.